ஆறு அங்குலம் இறங்கும் சுவர்

பச்சை மரத்தடிகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 8 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினால், சில ஆண்டுகளில் அந்தச் சுவர் 7½ அடியாகிவிடும். அஸ்திவாரம் மண்ணில் புதைந்திருக்காது, யாரும் எதையும் அறுத்து எடுத்திருக்க மாட்டார்கள். மரம் காய்ந்து ஒடுங்கியதிலேயே 6 அங்குலம் போயிருக்கும். பச்சைத் தடிகளைக் கையால் செதுக்கிப் பொருத்தும் வீடுகளுக்கு அடிக்கு முக்கால் அங்குலம் இறக்கம் என்று சர்வதேச மரத்தடி வீட்டுக் கட்டுநர் சங்கத்தின் விதிமுறையே சொல்கிறது. தேர்ந்த தச்சர் இதைக் குறையாக நினைப்பதில்லை. சுவர் இறங்கும் என்று தெரிந்து, இறங்க இடம் விட்டே கட்டுகிறார். அப்படி இடம் விடும் வேலைக்கு ஆகும் செலவுதான் முதன்முறை வீடு கட்டுகிறவர்களின் எஸ்டிமேட்டில் விட்டுப்போகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘லாக் ஹோம்’ என்று சொல்லும் வீட்டில் செங்கல் கிடையாது, பூச்சு கிடையாது, உள்ளே மறைந்திருக்கும் சட்டமும் கிடையாது. பைன், ஸ்ப்ரூஸ், சிடார் போன்ற ஊசியிலை மரங்களின் முழுத்தடிதான் சுவர். கூரையின் எடையைத் தாங்குவதும் அது, குளிரைத் தடுப்பதும் அது, உள்ளேயும் வெளியேயும் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். ஒரே பொருள் இத்தனை வேலையையும் பார்ப்பதால், அந்தப் பொருளின் சுபாவம் தெரியாமல் வரைபடமும் போட முடியாது, பணத்தையும் கணக்கிட முடியாது.

வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழியில் கொஞ்சம் நிற்கிறது, செல்லின் சுவருக்குள்ளேயே கொஞ்சம் ஊறியிருக்கிறது. குழியிலுள்ள நீர் வற்றும்வரை மரத்தின் எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போய், செல் சுவரில் ஊறிய நீரும் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. அந்தச் சுருக்கமும் குறுக்குவாட்டில்தான். நார் ஓடும் நீளவாட்டில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண் எத்தனை காலம் காய்ந்தாலும் உயரம் குறையாமல் நிற்பது இதனால்தான்: அதில் நார் மேல்நோக்கி ஓடுகிறது. தடி வீட்டில் மரம் படுத்திருப்பதால் அதன் குறுக்களவே சுவரின் உயரமாகிறது. போதாததற்கு, கூரையின் பாரம் அழுத்தி ஒவ்வொரு பொருத்தையும் இன்னும் நெருக்குகிறது. குளிர்காலம் முழுக்க வெப்பமூட்டி வைக்கும் வீட்டுக்குள் காற்று வறண்டிருப்பதால் மரம் நன்றாகவே காய்ந்துவிடும்.

இந்தக் கட்டுமுறை வடக்கு ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் வளர்ந்தது. பின்லாந்தின் பெட்டயாவேசியில் 1760-களில் விவசாயிகளும் கிராமத் தச்சர்களும் கட்டிய தேவாலயம் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு முதலில் வந்த ஆங்கிலேயர்கள் தடிக் குடிசைகளில் வாழ்ந்தார்கள் என்று படங்களில் வரைவார்கள்; ஜேம்ஸ்டவுனிலும் பிளிமத்திலும் அவர்கள் கட்டியது தங்கள் ஊர் வழக்கப்படி மரச்சட்டம் நிறுத்திய வீடுகள். 1638-ல் டெலவேர் ஆற்றங்கரையில் ஸ்வீடன் அமைத்த குடியேற்றத்தோடு வந்த ஸ்வீடியர்களும் பின்லாந்துக்காரர்களும்தான் தடி அடுக்கும் கலையை அங்கே கொண்டுபோனார்கள். அது மெல்ல மேற்கே பரவியது. 1809-ல் ஆபிரகாம் லிங்கன் பிறந்தது கென்டக்கியில் அப்படியொரு ஓரறைக் குடிசையில். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் வரை நிலம் கொடுத்து, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்யச் சொன்னபோது, மரம் கிடைத்த இடங்களிலெல்லாம் குடும்பங்கள் தடிக் குடிசை போட்டன. வயலுக்காக எப்படியும் வெட்ட வேண்டிய மரம் காசில்லாமல் கிடைத்தது. கூலி தங்கள் கையும் பக்கத்து வீட்டார் கையும்தான்.

தடி வீடு மலிவானது என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்து வருகிறது. இன்று மரத்துக்கு விலை, தச்சருக்கு அதைவிட விலை. கையால் பொருத்திய தடி வீடு, அதே அளவுள்ள சாதாரண அமெரிக்கச் சட்டக வீட்டைவிடப் பொதுவாகச் செலவு கூடியது. ஏன் என்பதை அறிய ஒரு தடி சுவரில் உட்காருவதைப் பார்த்தால் போதும்.

பட்டை உரித்த தடியைக் கிரேன் தூக்கி, ஏற்கெனவே அமர்ந்த தடியின்மேல் கிடத்துகிறது. எந்த மரமும் அடியில் பருத்து நுனியில் சிறுத்துத்தான் இருக்கும். அதனால் கீழ்த் தடியின் அடிமுனைக்கு மேல் இந்தத் தடியின் நுனிமுனை வருமாறு மாற்றிப் போட்டுச் சுவரை மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு தச்சர் ஸ்க்ரைபரை எடுக்கிறார். கவராயம் போல இரண்டு முனையுள்ள கருவி அது. கீழ்முனை கீழ்த் தடியின் மேடு, பள்ளம், கணு எல்லாவற்றையும் தடவிக்கொண்டு போக, மேல்முனையிலுள்ள பென்சில் அதே வளைவை மேல் தடியின் அடிவயிற்றில் கோடாக இழுக்கும். கருவியின் தலையில் சிறு ரசமட்டக் குமிழிகள் இருக்கும். தடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குமிழி நடுவிலேயே நிற்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தாலும் அந்த ஒரு நூல் இடைவெளி சுவரில் தெரியும். கோடு போட்டதும் தடியை இறக்கிக் கவிழ்த்து, சங்கிலி ரம்பத்தால் கோட்டுக்கு உட்புறம் நீளக் காடி வெட்டி, மூலைகளில் கீழ்த் தடியின் உருளைமேல் கவிழ்ந்து உட்காரும்படி குடைந்து, விளிம்பை உளியால் சீர்செய்கிறார்கள். காடிக்குள் கம்பளி போன்ற வெப்பத்தடைப் பொருளைத் திணித்துத் திரும்ப ஏற்றினால் தடி தன் இடத்தில் அமர்கிறது. உலகத்தில் வேறெந்தத் தடிமேலும் அது பொருந்தாது. சுவர் முழுக்க ஒவ்வொரு தடிக்கும் இதே வேலைதான்.

பெரும்பாலும் இவ்வளவும் தச்சரின் பட்டறை முற்றத்தில் நடக்கிறது. முடிந்ததும் தடிகளுக்கு எண் போட்டு, கழற்றி, லாரிகளில் ஏற்றி மனைக்குக் கொண்டுவந்து சில நாட்களில் மறுபடி அடுக்கிவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு முன் வெறும் அஸ்திவாரமாக இருந்த இடத்தில் சுவர் நிற்பதைக் கண்ட குடும்பத்துக்கு வீடே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் பணத்தின் பெரும்பகுதி இனிமேல்தான் செலவாகப்போகிறது.

ஜன்னலை எடுத்துக்கொள்வோம். 4 அடி உயர ஜன்னலுக்குப் பக்கத்திலுள்ள தடிகள் அடிக்கு முக்கால் அங்குலம் வீதம் 3 அங்குலம் இறங்கும். ஜன்னலின் நிலையோ இறங்காது. ஆகவே நிலைக்கு மேலே 3 அங்குலம் காலியாக விட வேண்டும். 7 அடிக் கதவென்றால் 5¼ அங்குலம். திறப்பின் இருபுறமும் தடிமுனைகளில் மேலிருந்து கீழாகக் காடி எடுத்து, அதற்குள் ஒரு சட்டத்தை நிறுத்துகிறார்கள். நிலையை அந்தச் சட்டத்தோடு மட்டும் முடுக்குவார்கள், தடியில் ஓர் ஆணியும் அடிக்க மாட்டார்கள். தடிகள் சட்டத்தை உரசிக்கொண்டு தாமாகக் கீழே நழுவும். மேலே விட்ட இடைவெளியில் அமுங்கிக் கொடுக்கும் பஞ்சை அடைத்து, மேல் தடியில் மட்டும் ஆணியடித்த ஒரு பலகையால் மூடுகிறார்கள். விவரம் தெரியாத ஒருவர் அந்தப் பலகையை நிலையோடும் சேர்த்து அடித்துவிட்டால் இறங்கிவரும் பலகை நிலையில் முட்டிப் பிளக்கும். இடைவெளியே விடாமல் கட்டியிருந்தால் சேதம் இன்னும் பெரிது. மேல்தடி நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்; கூரையின் பாரம் கண்ணாடிக்கு வரும், அக்கம்பக்கத்துத் தடிகளுக்கு நடுவே வாய் பிளந்து குளிர்காற்று புகும்.

வீட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொன்றுக்கும் இதே விதி. தாழ்வாரத்துத் தூண் சுருங்காது, அதன்மேலுள்ள கூரை இறங்கும்; எனவே ஒவ்வொரு தூணின் அடியிலோ தலையிலோ திருகு ஜாக்கி வைத்து, முதல் சில ஆண்டுகள் அவ்வப்போது திருகித் தளர்த்துகிறார்கள். கல் புகைபோக்கி அசையாது, அதைச் சுற்றிய கூரை இறங்கும்; அங்கே மழைநீர்த் தடுப்புத் தகட்டை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு அடுக்காகப் போட வேண்டும். மாடிப்படியை மேல் தளத்தில் கட்டி, கீழ்க்கால் தரையில் நகரும்படி விட வேண்டும். குளியலறையின் தடுப்புச் சுவருக்கும் மேலே உத்தரத்துக்கும் நடுவில் இடம் வேண்டும். மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாய்க்கு நழுவும் இணைப்பு வேண்டும். மின்கம்பிக்கோ, தடிகளை அடுக்கும்போதே மேலிருந்து கீழாகத் துளையிட்டுக்கொண்டு வர வேண்டும். நம் ஊர்ப் பூச்சுச் சுவரானால் குடிபோன பிறகுகூடக் காடி வெட்டிப் பைப் பதித்து சிமென்ட் பூசி மூடிவிடலாம். தடிச் சுவரில் அது நடக்காது. கட்டில் எந்தப் பக்கம், தலைமாட்டு விளக்கின் சுவிட்ச் எந்த உயரம் என்பதையெல்லாம் முதல் தடி ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கட்டும்போது மனம் மாறுவது எந்த வீட்டிலும் செலவுதான். தடி வீட்டில் அது பல மடங்கு.

இந்த இறக்கத்தைக் குறைக்க வழிகள் உண்டு. சூளையில் உலர்த்தி, இயந்திரத்தில் ஒரே அளவாகக் கடைந்து, நாக்கும் காடியுமாக இழைத்த தடிகள் தொகுப்பாகக் கிடைக்கின்றன. காய்ந்த தடிக்கு இறக்கம் பச்சைத் தடியில் பாதியாகவும் குறையலாம். பின்லாந்துக்காரர்கள் இன்னும் மேலே போனார்கள். பலகைகளைப் பசையிட்டு ஒட்டித் தடியாக்கினார்கள். அதன் நடுவில் நார் மேல்நோக்கி ஓடும் அடுக்கையும் சேர்த்து, கிட்டத்தட்ட இறங்காத தடியையே செய்துவிட்டார்கள். ஈரமும் பூஞ்சையும் பிடித்த பள்ளிக் கட்டடங்களால் அல்லல்பட்ட அந்த நாட்டில், பூடஸ்யார்வி என்ற சிறு நகரம் 2016-ல் ஒரு பெரிய பள்ளி வளாகத்தையே தடிகளால் கட்டித் திறந்தது. உருண்ட தடியின் அழகு இதில் இல்லைதான். ஆனால் ஜன்னலுக்கு மேல் இடைவெளி, தூணுக்கு ஜாக்கி என்ற வேலைகள் பெருமளவு குறைகின்றன. ஆகவே எந்தத் தடி என்ற கேள்விக்கு விலைப்பட்டியலை மட்டும் வைத்துப் பதில் சொல்லக் கூடாது. பட்டியலில் மலிவான தடி, மனைக்கு வந்தபின் தச்சுக் கூலியில் அந்த மிச்சத்தைத் தின்றுவிடக்கூடும்.

பணக் கணக்குக்கு வருவோம். கம்பெனிகளின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தடித் தொகுப்பின் விலை. தடிகள், இணைப்பு ஆணிகள், இடைவெளி அடைப்பான்கள், சில கம்பெனிகளிடம் கூரை மரமும் ஜன்னலும் அதில் சேரும். அஸ்திவாரம், ஓடு, குழாய் வேலை, மின்வேலை, வெப்பமூட்டி, சமையலறை, தரை, கூலி எதுவும் அதில் சேராது. குடிபோகும் நிலையில் வீட்டுக்கு ஆகும் மொத்தத்தில் தொகுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாய்க்கணக்காகச் சொல்வது. அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும் என்பேன். ஒரு குடும்பத்திடம், வங்கிக் கடனையும் சேர்த்து, 4 லட்சம் டாலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனைக்கு 70,000 போனால் மிச்சம் 3,30,000. எதிர்பாராத செலவுக்கென்று 40,000-ஐத் தொடாமல் ஒதுக்கினால் 2,90,000. பாதை, கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்புக்கு 50,000 என்றால் 2,40,000. இதில் மூன்றில் ஒன்று 80,000. அதாவது 4 லட்சம் வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய தொகுப்பு 80,000 டாலருக்குள் இருக்க வேண்டும். தொகைகள் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர் மாறும். கழிக்கும் வரிசை மாறக் கூடாது. இரண்டு லட்சத்துக்கு ஒரு தொகுப்பைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினால், கூரை போடாத சுவர் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

அந்த 50,000 டாலர் செலவுதான் மிகவும் ஏமாற்றுவது. தடி வீடு கேட்பவர்கள் ஏரிக்கரையும் மலைச்சரிவும் கேட்பார்கள். அங்கே நகராட்சிக் குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. போர்வெல் எத்தனை அடியில் தண்ணீர் காட்டும் என்பது துளை போட்டால்தான் தெரியும். கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி வேண்டுமானால் மண் நீரை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று சோதிக்க வேண்டும். களிமண்ணோ பாறையோ ஆனால் விலை கூடிய வேறு அமைப்பு தேவைப்படும். நீளமான தடிகளை ஏற்றிவரும் லாரி வளைவுகளில் திரும்புமா, கிரேன் நிற்கச் சமதரை உண்டா, வழியிலுள்ள பாலம் பாரம் தாங்குமா என்பதெல்லாம் இருக்கின்றன. இவற்றைப் பார்த்தபிறகே மனைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

வங்கியிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டுமானக் கடனை வங்கி, வேலை முடிய முடியத் தவணையாகத் தரும். தடிக் கம்பெனியோ மரத்தை வெட்டத் தொடங்குமுன் முன்பணமும், லாரி கிளம்புமுன் பெரும்பகுதியும் கேட்கும். மனையில் ஒரு தடிகூட வந்திறங்காத நிலையில் வங்கி பணத்தை விடுவிக்கத் தயங்கும். முதல் தவணை எதற்கு, எப்போது என்று வங்கி, கம்பெனி, கான்ட்ராக்டர் மூவரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள் அந்த இடைவெளியில் கைக்காசைப் போட நேர்கிறது. தவிர, வீட்டின் மதிப்பை அக்கம்பக்கத்தில் விலைபோன அதே மாதிரி வீடுகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பீட்டாளர் முடிவு செய்வார். அருகில் வேறு தடி வீடே விற்கவில்லையென்றால் மதிப்பு குறைவாக வரும், கடனும் குறையும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? மூலைகளில். ஒவ்வொரு மூலையிலும் சுவரின் உயரம் முழுக்கத் தடிகளைக் குடைந்து பொருத்த வேண்டியிருக்கிறது. நான்கு மூலையுள்ள செவ்வக வீட்டுக்கும் பன்னிரண்டு மூலையுள்ள வீட்டுக்கும் தச்சுக் கூலி வேறுபாடு மிகப் பெரியது. கூரையும் நேரான இரண்டு சரிவாக இருந்தால் நல்லது. உட்புற அறைச் சுவர்களைச் சாதாரணச் சட்டத்தில் போடலாம்.

கூரையின் இறவாணத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சுவரைத் தாண்டி இரண்டு மூன்று அடி நீட்டிய கூரைதான் தடிகளுக்கு ஆயுள். கூரைக்குள் அடைக்கும் வெப்பத்தடையிலும் குறைக்கக் கூடாது. மரம் குளிரைத் தடுப்பதில் பலரும் நினைக்கும் அளவுக்கு வலியதல்ல: அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில் 6 அங்குலத் தடிச் சுவரின் வெப்பத்தடை எண் 8-ஐச் சற்றே தாண்டுகிறது, 3½ அங்குலப் பஞ்சு வைத்த சாதாரணச் சட்டகச் சுவருக்கு அது சுமார் 14. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் தடி மெல்ல விடுவது உண்மைதான். ஆனால் வடக்கின் நீண்ட குளிர்காலத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

குடிபோன பிறகும் செலவு தொடர்கிறது. வெயில் மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கும், மழை அதைக் கழுவும். அதனால் வெளிப்பூச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தெற்கும் மேற்கும் பார்த்த சுவர்கள் முதலில் வெளிறும். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகப் போரேட் உப்புக் கரைசல் தெளிக்கிறார்கள். அது நீரில் கரைந்து ஓடிவிடும் என்பதால் அதன்மேல் பூச்சு கட்டாயம். காயும் தடியில் நீளவாட்டில் வெடிப்பு விழுவது இயல்பு, அதனால் சுவர் பலமிழப்பதில்லை. ஆனால் மேல்நோக்கித் திறந்த வெடிப்பில் மழைநீர் தேங்கும்; அவற்றைத் தேடிப்பிடித்து, இழுபட்டுக் கொடுக்கும் அடைப்பானால் நிரப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அழுகுவது தரையை ஒட்டிய கீழ்வரிசைத் தடி. அதை மாற்ற முடியும். ரஷ்யாவின் ஒனேகா ஏரித் தீவில் நிற்கும் கிழி தேவாலயம், 1714-ல் எழுந்த, 22 குவிமாடங்கள் கொண்ட 37 மீட்டர் உயரத் தடிக் கட்டடம், அண்மையில் இந்த முறையில்தான் செப்பனிடப்பட்டது. மேற்பகுதியை எஃகுச் சட்டத்தில் தாங்கி நிறுத்திவிட்டு, அடியிலிருந்து அடுக்கடுக்காகத் தடிகளைக் கழற்றி, கெட்டதை மாற்றி, நல்லதைத் திரும்ப வைத்தார்கள். ஒரு குடும்பத்தின் வீட்டில் இதே வேலையை ஜாக்கி வைத்துத் தூக்கிச் செய்கிறார்கள். ஒரு பக்கச் சுவருக்கே பெருந்தொகை ஆகும். அந்த அழுகல் பெரும்பாலும் தொடங்குவது இலை அடைத்த கூரையோர மழைநீர்க் காலில்தான். நீர் வழிந்து, தரையில் விழுந்து தெறித்து, கீழ்த் தடியை நாள்முழுக்க நனைக்கிறது. இலையுதிர்காலம் முடிந்ததும் ஏணி போட்டு அந்த இலைகளை அள்ளிப்போட ஓர் ஆளுக்கு அரைநாள் கூலி ஆகும். ஆண்டுச் செலவுப் பட்டியலின் முதல் வரியில் அதை எழுதிக்கொள்ளலாம்.